முயலின் முதுகில் நகரும் பொடுகு

முயல் வளர்க்கும் வீடுகளில் இது அடிக்கடி நடக்கும். மடியில் வைத்துத் தடவிக் கொடுத்துவிட்டு இறக்கி விட்டதும், உடுத்திய துணியில் வெள்ளை வெள்ளையாகச் செதிள்கள் ஒட்டியிருக்கும். பிடரியில் ரோமத்தை விரலால் விலக்கிப் பார்த்தால் வேரடியில் அதே செதிள்கள் அப்பிக் கிடக்கும். "தோல் வறண்டுபோச்சு, தேங்காய் எண்ணெய் தடவுங்க" என்பார் ஒருவர். "நாய் ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டுங்க" என்பார் இன்னொருவர். நாய்க்கு வாங்கிய தெள்ளுப்பூச்சி மருந்தில் மிச்சமிருப்பதைத் தூக்கிக் கொடுப்பவரும் உண்டு. மூன்று யோசனைகளில் முதலாவது வீண்வேலை. இரண்டாவது ஆபத்து. மூன்றாவது முயலின் உயிரையே எடுத்துவிடக்கூடும்.

முயலுக்குப் பொடுகு வரக் காரணங்கள் பல. அவற்றில் அடிக்கடி அகப்படுவது கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இருக்கும் ஒரு சிற்றுண்ணி. மருத்துவர்கள் 'மைட்' என்பார்கள். ஆரோக்கியமாகத் துள்ளித் திரியும் முயலின் உடம்பிலும் இது கொஞ்சமாக இருந்துகொண்டுதான் இருக்கும். எந்தத் தொல்லையும் தராது. ஆகவே, பொடுகைப் பார்த்ததும் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. இது என்ன பூச்சி என்பது ஒன்று. இத்தனை நாள் அடங்கிக் கிடந்தது இப்போது ஏன் பெருகியது என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு மருந்தில் விடை உண்டு. இரண்டாவதை விட்டுவிட்டால் பொடுகு சில மாதங்களில் திரும்பி வரும்.

தோலின் அவசரம்

மேல்தோலின் அடியடுக்கில் செல்கள் ஓயாமல் பிறந்துகொண்டிருக்கின்றன. பிறந்த செல் மெல்ல மேலேறும். ஏறும் வழியில் கெரட்டின் என்னும் புரதம் அதில் நிரம்பி, தட்டையாகி, உயிரடங்கி, கடைசியில் தனித்தனியே உதிர்ந்துவிடும். இப்படி உதிர்வது நம் கண்ணுக்குத் தெரியாது. தோலில் அரிப்போ அழற்சியோ ஏற்பட்டால் அடியடுக்கு வேகம் பிடிக்கிறது. செல்கள் பக்குவப்படுவதற்கு முன்பே மேலே தள்ளப்பட்டு, ஒன்றையொன்று விடாமல் கொத்துக் கொத்தாகக் கழல்கின்றன. அந்தக் கொத்தைத்தான் நாம் செதிள் என்கிறோம், பொடுகு என்கிறோம்.

இதனால்தான் எண்ணெய் தடவுவது வீண். அங்கே குறைந்திருப்பது எண்ணெய்ப்பசை அல்ல. ஏதோ ஒன்று தோலை உறுத்துகிறது. தோல் அதை உதறித் தள்ளப் பார்க்கிறது. உறுத்துவது எது என்று தெரியாமல் மேலே எதைப் பூசினாலும் பயன் இல்லை.

பொடுகைச் சுமந்து நடக்கும் பூச்சி

முயலின் பொடுகில் முதலில் சந்தேகிக்க வேண்டியது செய்லெட்டியெல்லா பாராசிட்டோவோராக்ஸ் என்னும் சிற்றுண்ணியை. நீளம் அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. இது ஈ, எறும்பு போன்ற பூச்சி இனமே அல்ல. எட்டுக் கால்கள் கொண்டது, சிலந்திக்கும் நாய் உண்ணிக்கும் உறவு. இதன் உறவினங்கள் சில தானியக் கிடங்குகளில் வாழ்ந்து, அங்குள்ள வேறு சிற்றுண்ணிகளை வேட்டையாடித் தின்கின்றன. அந்த வேட்டைக்குலத்தின் அடையாளம் இதற்கும் உண்டு: வாயின் இருபுறமும் உள்ள உணர்கால்களின் நுனியில் வளைந்த பெரிய கொக்கிகள். மேல்தோலைக் குத்தி அதன் திரவத்தை உறிஞ்சுவதே இதன் பிழைப்பு. தோலைத் துளைத்து உள்ளே குடியேறுவதில்லை. செதிள்களுக்கு அடியில், தோலின் மேற்பரப்பிலேயே ஓடித் திரிகிறது.

செதிளுக்கு அடியில் சிற்றுண்ணி நகரும்போது மேலே கிடக்கும் செதிளும் சேர்ந்து நகர்கிறது. நல்ல வெளிச்சத்தில் உற்றுப் பார்ப்பவருக்குப் பொடுகே கால் முளைத்து நடப்பதாகத் தோன்றும். 'நடக்கும் பொடுகு' என்று இந்த நோய்க்குப் பெயர் வந்தது அதனால்தான்.

முட்டையிலிருந்து ஆறுகால் குஞ்சு, பிறகு இரண்டு இளம்பருவங்கள், பிறகு முதிர்ந்த சிற்றுண்ணி என்று இதன் வாழ்க்கைச் சுற்று முடிய மூன்று முதல் ஐந்து வாரம் ஆகும். எல்லாம் முயலின் உடம்பிலேயே நடக்கிறது. முட்டையை மெல்லிய இழைகளால் ரோமத்தில் கட்டி வைக்கும். முயலை விட்டு விழுந்தாலும் பெண் சிற்றுண்ணி ஏறக்குறைய பத்து நாள் தாக்குப்பிடிக்கும். இந்தக் கணக்குகளை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். மருந்து எத்தனை நாள் இடைவெளியில், எத்தனை முறை என்பதும், கூண்டை ஏன் சுத்தம் செய்ய வேண்டும் என்பதும் இவற்றிலிருந்தே வருகின்றன.

பொடுகு எந்த இடத்தில் இருக்கிறது என்பதும் ஒரு தடயம். செய்லெட்டியெல்லா பெரும்பாலும் பிடரி, இரண்டு தோள்களுக்கு நடுப்பகுதி, வாலுக்கு மேலே உள்ள முதுகு ஆகிய இடங்களில் பெருகும். சில முயல்கள் ஓயாமல் சொறியும். சில முயல்கள் அரிப்பே இல்லாததுபோல் இருக்கும். "சொறியவே இல்லை, அப்படியானால் பூச்சி இருக்காது" என்று முடிவுகட்ட முடியாது.

வேறு யாராக இருக்கலாம்?

செதிள் எல்லாம் செய்லெட்டியெல்லாவின் வேலை அல்ல. முயலுக்கு வரும் தோல் தொல்லைகள் ஒவ்வொன்றும் தனக்கென்று ஓர் இடத்தை வைத்திருக்கின்றன.

காதுக்குள்ளே பழுப்பு நிறத்தில் அடுக்கடுக்காகப் பொருக்கு கட்டியிருந்தால் அது காது சொறி. காரணம் சோரோப்டீஸ் குனிகுலி என்னும் வேறொரு சிற்றுண்ணி. இது செய்லெட்டியெல்லாவைவிடப் பெரியது; கூர்ந்து பார்த்தால் வெறும் கண்ணுக்கே வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். முயல் தலையை உதறும், பின்னங்காலால் காதைச் சொறியும், ஒரு காதைத் தொங்கப் போடும். அந்தப் பொருக்கைச் சுரண்டி எடுக்க யாருக்கும் கை துறுதுறுக்கும். எடுக்கக் கூடாது. அடியில் இருப்பது புண்ணான பச்சைத் தோல். பிய்த்தால் இரத்தம் கசியும், வலியில் முயல் துடித்துப்போகும். சிற்றுண்ணியைக் கொல்லும் மருந்தை உடலுக்குள் செலுத்தினால் பொருக்கு சில நாட்களில் தானாகவே கழன்று விழும்.

மூக்கு நுனி, உதடு, கண் ஓரம், கால் விரல்கள் ஆகிய இடங்களில் சாம்பல் நிறப் பொருக்கு தடித்திருந்தால் அது சார்கோப்டீஸ். நம் ஊர் முயல் பண்ணைக்காரர்கள் 'சொறி' என்று சொன்னால் பெரும்பாலும் இதைத்தான் சொல்கிறார்கள். இதன் பெண் தோலுக்குள் வளை தோண்டி முட்டையிடும். அரிப்பு கடுமையாக இருக்கும். கவனிக்காமல் விட்டால் முயல் தீனி எடுக்காமல் இளைத்துச் செத்துப்போகும். மனிதருக்கு வரும் சொறிக்கும் காரணம் இதே இனத்தின் இன்னொரு வகைதான். 1687இல் போனோமோ, செஸ்டோனி என்ற இரண்டு இத்தாலியர்கள் சொறி பிடித்தவர்களின் தோலிலிருந்து இந்தச் சிற்றுண்ணியை எடுத்து நுண்நோக்கியில் பார்த்து வரைந்தார்கள். ஒரு மனித நோய்க்குக் கண்ணுக்கெட்டாத ஓர் உயிர் காரணம் என்று காட்டிய முதல் சான்றுகளில் அது ஒன்று.

வட்ட வட்டமாக ரோமம் உடைந்து கொட்டி, ஓரத்தில் செதிள் கட்டியிருந்தால் படர்தாமரையைச் சந்தேகிக்க வேண்டும். இது பூஞ்சை, முயலில் பெரும்பாலும் டிரைக்கோபைட்டன் மென்டகிரோபைட்ஸ். குட்டிகளின் தலையிலும் காதிலும் பாதத்திலும் தொடங்கும். தூக்கிக் கொஞ்சும் குழந்தைகளின் கையிலும் வட்டம் வட்டமாக வரும். மருந்துக் கடையில் தானாக வாங்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்பை இதன்மேல் பூசினால் அரிப்பு அடங்கும், பூஞ்சை பரவும். போதாக்குறைக்கு, முயல் ஸ்டீராய்டைத் தாங்காத பிராணிகளில் ஒன்று.

ரோமத் தண்டைப் பற்றிக்கொண்டு வாழும் லெப்போராகாரஸ் கிப்பஸ் என்ற சிற்றுண்ணியும் உண்டு. அது பெரும்பாலும் சாது. நோயே இல்லாத ரோம உதிர்வும் உண்டு. முயல் தன் ரோமத்தை அவ்வப்போது மாற்றிக்கொள்ளும். உதிர்வு தலையில் தொடங்கிப் பின்பக்கமாக நகரும். அப்போது கொஞ்சம் செதிள் உதிர்வது இயல்பு. பழைய ரோமம் போன இடத்தில் புது ரோமம் முளைத்து வந்தால், தோல் சிவக்காமல் இருந்தால், கவலைப்பட ஒன்றுமில்லை.

ஒரு துண்டு செலோ டேப்

யூகத்தை விட்டுக் கண்ணால் பார்ப்பதற்கு வழி இருக்கிறது. முயலைத் தரையில், வழுக்காத துணிமேல் உட்கார வையுங்கள். பிடரியில் ரோமத்தை விலக்கி, பேன் சீப்பால் வேரடியிலிருந்து மெதுவாக வாரி, வந்ததைக் கறுப்புக் காகிதத்தில் தட்டுங்கள். செல்போன் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்து, பூதக்கண்ணாடியால் ஒரு நிமிடம் அசையாமல் பாருங்கள். மூச்சுக்காற்று படக்கூடாது, பட்டால் எல்லாச் செதிளும் நகரும். காற்று இல்லாதபோதும் ஒரு வெள்ளைப் புள்ளி தன் போக்கில் ஊர்ந்தால், சந்தேகம் வலுத்துவிட்டது.

மருத்துவர் செய்வதும் ஏறக்குறைய இதுவேதான். ஒட்டும் டேப்பைச் செதிள் உள்ள மூன்று நான்கு இடங்களில் அழுத்தி எடுத்து, கண்ணாடித் தகட்டில் ஒட்டி, நுண்நோக்கியில் குறைந்த பெருக்கத்தில் பார்ப்பார். செய்லெட்டியெல்லா அகப்பட்டால் அடையாளம் காண்பது எளிது. உடல் நடுவில் இடுப்புபோல் ஒடுங்கியிருக்கும். வாயோரம் அந்தக் கொக்கிகள். கால் நுனியில் நகத்துக்குப் பதிலாகச் சீப்பு போன்ற மயிர்கள். ரோமத்தில் நீள்வட்ட முட்டைகளும் தெரியலாம். பேன் முட்டை என்றால் இதைவிடப் பெரிதாக, ரோமத்தோடு இறுகப் பிணைந்திருக்கும். இதுவோ மெல்லிய நூல் சுற்றியதுபோல் தளர்வாகத் தொங்கும்.

சில சமயம் டேப்பில் எதுவுமே அகப்படாது. முயல் தன்னைத்தானே நக்கிச் சுத்தம் செய்யும்போது சிற்றுண்ணியையும் விழுங்கிவிடுகிறது. அதனால் புழுக்கையைப் பரிசோதிக்கும்போது சிற்றுண்ணியோ முட்டையோ தென்படுவதுண்டு. அங்கும் இல்லையென்றால், அடையாளங்கள் பொருந்தும்பட்சத்தில் மருத்துவர் மருந்து கொடுத்தே பார்ப்பார். பொடுகு அடங்கினால் அதுவே விடை.

நாவும் பல்லும்

அடங்கிக் கிடந்த சிற்றுண்ணி ஏன் பெருகியது என்ற இரண்டாவது கேள்விக்கு இப்போது வருவோம். முயல் விழித்திருக்கும் நேரத்தில் கணிசமான பகுதியைத் தன்னைச் சுத்தம் செய்துகொள்வதில் செலவிடும். நாவால் நக்கி, முன்பற்களால் ரோமத்தைக் கோதி, உதிர்ந்த மயிரையும் செதிளையும் அவற்றோடு சிற்றுண்ணியையும் அகற்றிவிடுகிறது. ஆரோக்கியமான முயலில் சிற்றுண்ணி பெருகாமல் இருப்பதற்கு முதல் காரணம் எந்த மருந்தும் அல்ல, இந்த வேலைதான். பொடுகு எங்கே முதலில் தெரிகிறது என்று மறுபடி யோசித்தால் இது புரியும். பிடரியும் தோள்நடுவும் முயலின் வாய்க்கு எட்டாத இடங்கள். ஜோடியாக வளரும் முயல்கள் அந்த இடங்களை ஒன்றுக்கொன்று நக்கிவிடும். தனித்து வளரும் முயலுக்கு அந்த உதவியும் கிடையாது.

வாய் எட்டுகிற இடங்களிலும் பொடுகு பரவினால், முயல் சுத்தம் செய்துகொள்வதைக் குறைத்துவிட்டது என்று பொருள். பெரும்பாலும் காரணம் மூன்றில் ஒன்றாக இருக்கும்.

முதலாவது பல். முயலின் பற்கள் ஆயுள் முழுக்க வளரும். முன்பல் வாரத்துக்கு ஏறக்குறைய இரண்டு மில்லிமீட்டர் நீளும். கடைவாய்ப் பற்களும் அப்படியே. நார் மிகுந்த புல்லை நாள் முழுக்க அரைத்தால்தான் அவை தேய்ந்து அளவாக இருக்கும். நம் வீடுகளிலோ கேரட், முட்டைக்கோஸ் இலை, பிஸ்கட், கடையில் வாங்கும் பெல்லட் தீவனம் ஆகியவைதான் அன்றாட உணவு. இவற்றை அரைக்கப் பல்லுக்கு அதிக வேலை இல்லை. தேயாத கடைவாய்ப் பல்லின் விளிம்பு முள்ளாகக் கூர்ந்துவிடும். கீழ்வரிசையில் வளரும் முள் நாவைக் கிழிக்கும். மேல்வரிசையில் வளர்வது கன்னத்தைக் கிழிக்கும். நாவில் புண் உள்ள முயல் ரோமத்தை நக்குமா?

இதற்கான தீர்வு நம் ஊர் வயலோரத்திலேயே இருக்கிறது. அருகம்புல், கோ-4 போன்ற தீவனப்புல், வேலிமசால், பெயரிலேயே முயலை வைத்திருக்கும் முயல்மசால் ஆகியவை தட்டில் எந்நேரமும் இருக்கலாம். புல்லே பிரதான உணவாக இருக்க வேண்டும். பெல்லட் கொஞ்சம் போதும். கேரட்டை இனிப்புப் பண்டமாக நினைத்து எப்போதாவது ஒரு துண்டு கொடுத்தால் போதும். பூச்சிமருந்து தெளித்த இடத்துப் புல்லைத் தவிர்ப்பது முக்கியம்.

இரண்டாவது உடல் எடை. கூண்டிலேயே அடைபட்டு, பெல்லட்டும் பிஸ்கட்டும் தின்று பருத்த முயலால் உடலை வளைத்து முதுகின் பின்பகுதியையும் வால் அடியையும் எட்ட முடியாது. மூன்றாவது வயது. வயதான முயலுக்கு முதுகெலும்பும் மூட்டும் இறுகிப் போகும், திரும்ப வலிக்கும். முயலின் பாதத்துக்கு நாய், பூனைக்கு இருப்பது போன்ற மெத்தைத் தசையும் கிடையாது. கம்பிவலைத் தரையில் நிற்கும் முயலுக்குக் குதிகால் புண்ணாகும். அந்த வலியிலும் அது அசையாமல் ஓரிடத்திலேயே ஒடுங்கிக் கிடக்கும்.

மருந்து வேலை செய்யும் விதம்

சிற்றுண்ணிக்கு மருத்துவர் கொடுக்கும் மருந்து பெரும்பாலும் ஐவர்மெக்டின், அல்லது அதே குடும்பத்தைச் சேர்ந்த செலமெக்டின். ஐவர்மெக்டின் பிறந்தது ஜப்பானிய மண்ணில். இட்டோ நகரின் கவானா பகுதியில், ஒரு கோல்ஃப் மைதானத்துக்கு அருகே எடுத்த மண்ணிலிருந்து சடோஷி ஓமுரா ஒரு நுண்ணுயிரைப் பிரித்தெடுத்தார். அது சுரந்த பொருளை வில்லியம் கேம்ப்பெல்லின் குழு அமெரிக்காவில் ஆராய்ந்து மருந்தாக்கியது. 1981இல் கால்நடை மருத்துவத்துக்கு வந்தது. இருவருக்கும் 2015இல் நோபல் பரிசு கிடைத்தது.

சிற்றுண்ணி, புழு போன்ற உயிர்களின் நரம்பிலும் தசையிலும் குளோரைடு அயனிகள் நுழையும் வாயில்கள் உண்டு. குளுட்டமேட் என்ற பொருள் தொட்டால் திறப்பவை அவை. ஐவர்மெக்டின் அந்த வாயில்களைத் திறந்து, மூடவிடாமல் வைத்துவிடும். நரம்பு செயலிழந்து சிற்றுண்ணி முடங்கிச் சாகும். முயல், நாய், மனிதர் போன்ற பாலூட்டிகளுக்கு இந்த வகை வாயில் இல்லை. இதை ஒத்த வேறு வாயில்கள் மூளையில் உண்டு. ஆனால் இரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே காவலாக நிற்கும் ஒரு புரதம் மருந்தை உள்ளே விடாமல் வெளியே தள்ளிவிடுகிறது. கோலி இன நாய்கள் பலவற்றில் அந்தக் காவல் பிறவியிலேயே பழுதாக இருப்பதால் அவற்றுக்கு இந்த மருந்து கூடுதல் அளவில் நஞ்சாகிறது.

ஐவர்மெக்டின் முட்டையைக் கொல்லாது. முதல் தவணையில் ஓடித் திரியும் சிற்றுண்ணிகள் சாகும். முட்டைகள் பொரித்துப் புதிய தலைமுறை வெளிவரும். அது முதிர்ந்து முட்டையிடுவதற்குள் அடுத்த தவணை போக வேண்டும். அதனால்தான் 10 முதல் 14 நாள் இடைவெளியில் இரண்டு அல்லது மூன்று முறை கொடுக்கிறார்கள். முதல் ஊசியிலேயே பொடுகு குறைந்துவிட்டது என்று அடுத்ததைக் கைவிடுவது, நோயைத் திரும்ப வரவழைப்பதற்குச் சமம்.

அளவு விஷயத்தில் விளையாடவே கூடாது. வழக்கமான அளவு ஒரு கிலோ எடைக்கு 0.2 முதல் 0.4 மில்லிகிராம் வரை. மாட்டுக்கும் ஆட்டுக்கும் போடும் 1 சதவீத ஊசி மருந்தில் ஒரு மில்லிலிட்டருக்கு 10 மில்லிகிராம் இருக்கிறது. கணக்குப் போட்டால், இரண்டு கிலோ முயலுக்கு அதிகபட்சமே 0.08 மில்லிலிட்டர். யூ-100 வகை இன்சுலின் ஊசிக்குழாயில் எட்டே எட்டு யூனிட். சாதாரண ஊசிக்குழாயில் கண் மதிப்பாக எடுப்பவர் தெரியாமலேயே மூன்று நான்கு மடங்கு எடுத்துவிடுவார். ஆட்டு மருந்தை வீட்டிலேயே போட்டுக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. முயலைத் தராசில் வைத்து எடை பார்த்து மருந்தளவை முடிவுசெய்வது மருத்துவரின் வேலை.

நாய்க்குப் பிடரியில் சொட்டுவிடும் மருந்துகள் எல்லாம் ஒரே மருந்து அல்ல. ஃபிப்ரோனில் கலந்தவை முயலுக்கு ஆகவே ஆகாது. ஃபிப்ரோனில் நரம்பில் உள்ள காபா வாயில்களை அடைத்துவிடுகிறது. காபாதான் நரம்பின் கொந்தளிப்பை அடக்கி வைக்கும் பொருள். அது வேலை செய்யாதபோது முயலுக்கு நடுக்கம், வலிப்பு, பிறகு சாவு. முயலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று தயாரிப்பாளர்களே அட்டையில் எச்சரிக்கிறார்கள். டப்பாவின் மேல் உள்ள நாயின் படத்தைப் பார்த்து வாங்காமல், பின்பக்கத்தில் உள்ள மருந்தின் பெயரைப் படித்து வாங்க வேண்டும்.

தோல் புண்ணானதும் வீட்டில் மிச்சமிருக்கும் அமாக்சிசிலின் மாத்திரையைப் பொடித்துக் கொடுப்பதும் கொலைக்குச் சமம். முயலின் குடலில் புல்லை நொதிக்க வைக்கும் நல்ல நுண்ணுயிர்களை வாய்வழிப் பென்சிலின் வகைகள் அழித்துவிடும். அந்த வெற்றிடத்தில் கிளாஸ்ட்ரிடியம் என்னும் பாக்டீரியா பெருகி நஞ்சைச் சுரக்கும்.

எண்ணெய், தண்ணீர், கற்பூரம்

முயலுக்கு மேலே பூசும் எதுவும் கடைசியில் அதன் வயிற்றுக்குத்தான் போய்ச்சேரும். நக்கிச் சுத்தம் செய்வது அதன் சுபாவம். தின்றதை வாந்தியெடுக்கவும் அதனால் முடியாது. தேங்காய் எண்ணெய் ரோமத்தைச் சடையாக்கும். கற்பூரம் கலந்த எண்ணெய் நஞ்சு. வேப்பெண்ணெயின் வாசனையும் பிசுபிசுப்பும் முயலை இன்னும் அதிகமாக நக்க வைக்கும்.

குளிப்பாட்டுவது அதைவிட மோசம். அடர்ந்த அடிரோமம் நனைந்தால் உலர நெடுநேரமாகும். அதற்குள் உடல் குளிர்ந்துவிடும். பயந்த முயல் பின்னங்கால்களால் முழு பலத்தோடு உதைக்கும். அதன் எலும்புகள் இலேசானவை, பின்னங்கால் தசைகளோ வலிமையானவை. இடுப்புக்கு மேலுள்ள முதுகெலும்பு அந்த உதையிலேயே முறிந்துவிடக்கூடும். அதிர்ச்சியில் குடல் இயக்கம் நின்றுபோவதும் உண்டு. பின்பக்கம் அழுக்காகியிருந்தால் அந்த இடத்தை மட்டும் ஈரத்துணியால் துடைத்து உடனே உலர்த்துங்கள். செதிளை அகற்ற, மெத்தென்ற சீப்பால் தினமும் கொஞ்ச நேரம் வாரிவிடுவது போதும்.

வீடும் வீட்டு மனிதரும்

ஒரு முயலுக்கு வந்திருந்தால் கூட இருக்கும் எல்லா முயலுக்கும் ஒரே நாளில் மருந்து தர வேண்டும். நாயும் பூனையும் இருந்தால் அவற்றையும் மருத்துவரிடம் காட்டிவிடுவது நல்லது. கூண்டில் விரித்த சாக்கு, துணி, புல் எல்லாவற்றையும் மாற்றுங்கள். துணியை வெந்நீரில் துவைத்துக் கொளுத்தும் வெயிலில் உலர்த்துங்கள். மரக் கூண்டின் இடுக்குகளைத் தேய்த்துக் கழுவி, முழுக்க உலர்ந்த பிறகே முயலை விடுங்கள். முயலை விட்டு விழுந்த பெண் சிற்றுண்ணியின் பத்து நாள் ஆயுளை நினைவில் வைத்து, சிகிச்சை முடியும்வரை ஒவ்வொரு வாரமும் இதைச் செய்ய வேண்டும்.

செய்லெட்டியெல்லா மனிதரையும் கடிக்கும். முயலைத் தூக்கி அணைக்கும் இடங்களான முன்கை, மார்பு, வயிறு ஆகிய பகுதிகளில் சிவந்த கொப்புளங்கள் தோன்றி அரிக்கும். ஆனால் மனிதத் தோலில் இது குடும்பம் நடத்த முடியாது, கடித்துவிட்டுப் போய்விடும். கொப்புளத்தைச் சுரண்டி நுண்நோக்கியில் பார்த்தாலும் பெரும்பாலும் எதுவும் அகப்படாததற்கு அதுவே காரணம். மூட்டைப்பூச்சிக் கடி என்றோ மனிதச் சொறி என்றோ நினைத்துக் குடும்பமே களிம்பு பூசிக்கொண்டிருக்கும். முயலோ கூண்டில் புதிய சிற்றுண்ணிகளை வளர்த்துக்கொண்டிருக்கும். முயலுக்குச் சிகிச்சை முடிந்தால் மனிதரின் கொப்புளங்கள் மூன்று வாரத்துக்குள் தாமாக அடங்கிவிடும். தோல் மருத்துவரிடம் போகும்போது "வீட்டில் முயல் வளர்க்கிறோம்" என்ற ஒரு வாக்கியத்தைச் சொல்லிவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

மருந்துக்கும் அடங்காத பொடுகு

எல்லாத் தவணையும் முடிந்து, பல்லும் எடையும் சரியாக இருந்தும் பொடுகு அடங்கவில்லை என்றால் வேறு திசையில் தேட வேண்டும். அரிப்பே இல்லாமல், தலையிலும் கழுத்திலும் தொடங்கி உடல் முழுக்கப் பெரிய பெரிய செதிள்கள் உதிர்ந்து ரோமமும் கொட்டினால், அது தோலின் எண்ணெய்ச் சுரப்பிகளை உடலே தாக்கி அழிக்கும் ஒரு நோயாக இருக்கலாம். அரிதானதுதான், ஆனால் சில முயல்களில் இது நெஞ்சுக்குள் வளரும் தைமஸ் சுரப்பிக் கட்டியோடு சேர்ந்து வருகிறது. மனிதருக்கு வளர்ந்தபின் சுருங்கிப்போகும் தைமஸ், முயலுக்குக் கடைசிவரை பெரிதாகவே இருக்கும். இரண்டு கண்களும் பிதுங்கி, மூச்சும் வாங்கினால் மருத்துவர் மார்புக்கு எக்ஸ்ரே எடுக்கச் சொல்வார். தோலில் உதிரும் செதிளுக்கு நெஞ்சைப் படம் பிடிப்பானேன் என்று அப்போது யோசிக்கக் கூடாது.

முயல் வலியை வெளியே காட்டாத பிராணி. இரையாகும் விலங்குகளுக்கு வாழ்க்கை கற்றுக்கொடுத்த பாடம் அது. எனவே பார்த்தறிவதும் தொட்டறிவதும் வளர்ப்பவரின் பொறுப்பு. வாரம் ஒருமுறை சமையலறைத் தராசில் எடை பார்த்துக் குறித்து வையுங்கள். இரண்டு கிலோ முயலில் 100 கிராம் குறைந்தாலே உடலில் 20இல் ஒரு பங்கு போய்விட்டது என்று பொருள். பிடரி, காதின் உட்புறம், மூக்கு நுனி, பாதம், வால் அடி ஆகிய ஐந்து இடங்களையும் விரலால் விலக்கிப் பாருங்கள். பொடுகு தெரிந்தால் டேப்பில் ஒட்டியெடுத்த செதிளையும் அன்றைய புழுக்கையையும் எடுத்துக்கொண்டு, முயல் என்னென்ன தின்கிறது என்ற பட்டியலோடு மருத்துவரிடம் போங்கள். டேப்பில் முதல் கேள்விக்கு விடை இருக்கலாம். இரண்டாவதற்கான விடை பெரும்பாலும் அந்தத் தீனிப் பட்டியலில்தான் கிடைக்கும்.